கேள்விக்குறிக்கு எண் இல்லை

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. அதில் ஒன்று உடைந்தால் அதற்கென்று தனி எண் உண்டு. மற்ற ஏழுக்கும் ஒரே எண், கூட்டுக்குடித்தனம் மாதிரி. ஆஸ்பத்திரியில் நோய்களுக்கு எண் போடுவதுதான் என் வேலை. டாக்டர் எழுதியதைப் படித்து, உலகத்துக்கே பொதுவாக வைத்திருக்கும் எண்களில் பொருந்துவதை எடுத்துப் போட வேண்டும். கணவருக்கு வங்கியில் மாற்றலாகிக் கொல்கத்தாவில் டாலிகஞ்சுக்கு வந்த புதிதில், பழைய புத்தகக் கடையில் ஒரு எலும்புப் படப் புத்தகம் வாங்கி, என் கையையே அமுக்கி அமுக்கிப் பார்த்து இதையெல்லாம் படித்துக்கொண்டேன்.

எண்களைவிட எனக்குப் பிடித்தது விழுந்தவர்களின் பேச்சு. எங்கள் அறை எலும்புப் பிரிவுக்குப் பக்கத்தில் இருப்பதால், காத்திருப்பவர்கள் சொல்வதெல்லாம் காதில் விழும். படி தன்னை விட்டு விலகிப் போய்விட்டது என்பார் ஒருவர். நான் விழவே இல்லை, தரைதான் மேலே வந்தது என்பார் இன்னொருவர். எப்படி விழுந்தார் என்பதற்கும் எண் இருக்கிறது. பனிக்கட்டியில் வழுக்கியதற்குக்கூட ஒன்று உண்டு. கொல்கத்தாவில் பாவம், அது வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் சந்தேகத்துக்கு எண் கிடையாது. வெளிநோயாளிச் சீட்டில் முறிவாக இருக்கலாம் என்று எழுதி டாக்டர் கேள்விக்குறி போட்டிருந்தால், நாங்கள் முறிவு என்று போடக் கூடாது. மணிக்கட்டு வலி, அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு கேள்விக்குறி எங்கள் கட்டடத்துக்கே வந்து சேர்ந்தது.

கீழ்வீட்டு தீதி, வங்காளியில் அக்கா, டிவி ஸ்டூடியோவில் சிகை அலங்காரம் செய்பவர். தொடர்களில் வரும் ராணிகளுக்கும் முனிவர்களுக்கும் விக் பின்னுவது அவர்தான். ஐம்பது தாண்டியவர், தனியாக இருக்கிறார், அந்தக் கையை நம்பித்தான் எல்லாம். ஈரப் படியில் வழுக்கி வலது கையை ஊன்றிவிட்டார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கட்டைவிரலின் அடியில், மூக்குப்பொடி வைத்துக்கொள்ளும் பள்ளம் இருக்கிறதே, அங்கே டாக்டர் அழுத்தியதும் தீதி துள்ளிவிட்டாராம். அந்தப் பள்ளத்துக்குக் கீழே இருப்பதுதான் தனி எண் கொண்ட எலும்பு. உடைந்தாலும் முதல் படத்தில் சில சமயம் ஒளிந்துகொள்ளும். அதற்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால், கவனிக்காமல் விட்டால் சேராமலே போய்விடும். அப்புறம் பிடிமானம் போனது போனதுதான். அதனால் கட்டைவிரலையும் சேர்த்து ஒரு பட்டை மாட்டி, இரண்டு வாரம் கழித்து மறுபடி படம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்.

நான் பார்க்கப் போனபோது அந்தப் பட்டை பிரிட்ஜ் மேல் கிடந்தது. தீதியின் மணிக்கட்டில் மஞ்சளாக ஒரு பூச்சு. சுளுக்கு என்றால் வங்காளி வீடுகளில் முதல் வைத்தியம் சூடான சுண்ணாம்பு மஞ்சள் பற்றுதான். வீக்கமும் வடிந்திருந்தது. திங்கட்கிழமை முதல் ஒரு புராணத் தொடருக்கு ஜடாமுடி பின்ன வேண்டும் என்றார். நாங்கள் பேசியது வங்காளியில். எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

"படத்துல ஒண்ணும் இல்லையே. நீயே பாரு."

"அதனாலதான் தீதி, மறுபடி எடுக்கணும்கறார்."

"சரி, நீ சொல்லு. உடைஞ்சிருக்கா, இல்லையா?"

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

"ஊர்ல இருக்கற எலும்புக்கெல்லாம் நம்பர் போடற. என் எலும்புன்னா மட்டும் தெரியலையாக்கும்."

"கேள்விக்குறிக்கு எங்ககிட்ட நம்பர் இல்ல, தீதி."

"அப்போ முனிவன் மொட்டைத் தலையோட தவம் பண்ணட்டுமா?"

பட்டை மாட்டவிடாமல் அவரைத் தடுப்பது எக்ஸ்ரே இல்லை, ஜடாமுடி என்று அப்போதுதான் புரிந்தது. நான் பின்னித் தருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. தீதி என் பின்னலை எட்டிப் பார்த்தார்.

"மதராஸிப் பின்னலா? முனிவன் வரம் கேக்க மாட்டான், இட்லி கேப்பான்."

ஆனாலும் ஒத்துக்கொண்டார். பற்றைக் கழுவிப் பட்டையை மாட்டிக்கொள்வது என் நிபந்தனை. எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. காலை முழுக்க அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பின்னினேன். ஸ்டூடியோவிலிருந்து விக் மாட்டும் மரத்தலைகள் வந்து இறங்கின. வங்கிக்குக் கிளம்பும் கணவர், நம்ம பில்டிங்ல தலைகள் மட்டும் ஜாஸ்தியாயிண்டே போறது என்று சொல்லிவிட்டுப் போவார். என் பின்னல் ஒழுங்காக இருப்பதுதான் குற்றம். முனிவன் என்ன ஸ்கூலுக்கா கிளம்பறான் என்று தீதி அதட்டுவார். நான் கலைத்துவிட்டு மறுபடி முரடாகப் பின்னுவேன். ரொம்பச் சந்தோஷமான காலைகள் அவை.

இரண்டாவது படம் எடுக்க நானும் கூடப் போனேன். எலும்பின் இடுப்பில் முடி கனத்தில் ஒரு கோடு. தீதி இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டார். உடைந்ததுதான், ஆனால் விலகவில்லை, அசையாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லி, டாக்டர் கெட்டியாக பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்.

ஆட்டோவில் வரும்போது தீதி கேட்டார். "இப்பவாவது என் நம்பரைச் சொல்லுவியா?"

"எஸ் அறுபத்திரண்டு புள்ளி பூஜ்யம். எட்டு எலும்புல இதுக்கு மட்டும்தான் தனி நம்பர்."

"இத்தனை வருஷத்துல ஸ்டூடியோல எனக்குத் தனி நாற்காலிகூடக் கெடைக்கல," என்றார்.

பிளாஸ்டர் பிரித்த அன்று மாலை மாடி ஏறி வந்தார். கை மெலிந்து வெளுத்திருந்தது. என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, என் பின்னலை அவிழ்த்து, மூன்றாகப் பிரித்தார். முதலில் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. அப்புறம் பிடரியில் அவர் கட்டைவிரல் அழுந்துவது தெரிந்தது.

"இறுக்கமா இருக்கா?"

இருந்தது. புருவம் மேலே இழுபடுகிற அளவுக்கு.