தட்டில் வைத்துச் சொன்ன பாஸ்வேர்டு

பாப்பிரெட்டிப்பட்டி நஞ்சப்பன் யார் மனமும் கோணாமல் வாழ்கிறவர். அவர் வீட்டு வைஃபையில்தான் தெருவே படம் பார்த்தது. மகள் தேன்மொழிக்கு ஆன்லைனில் நேர்காணல். வேலையோ கம்ப்யூட்டர் பாதுகாப்பு. இணையம் திணறக்கூடாதென்று முதல்நாளே பாஸ்வேர்டை மாற்றி, அப்பாவிடம் மட்டும் சொன்னாள்.

மாலையிலேயே எதிர்வீட்டுப் பங்காளி முனுசாமி வந்துவிட்டார். "ஏன்டா நஞ்சா, கெடா வெட்டுக்கு மட்டும் பங்காளி வேணும், பாஸ்வேர்டுக்கு வேணாமா?"

நஞ்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போய், புது பாஸ்வேர்டை முறைப்படி சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் நேர்காணலில் கேட்டார்கள்: "வீட்டு வைஃபை பாஸ்வேர்டை யாருக்கெல்லாம் சொல்லலாம்?"

"யாருக்குமே சொல்லக்கூடாதுங்க" என்று தேன்மொழி சொல்ல வாயெடுத்தபோதே திரை உறைந்தது. மீண்டும் உயிர் வந்தபோது நேர்காணல் முடிந்திருந்தது. முனுசாமி வீட்டில் மட்டும் சண்டைக் காட்சி தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.