இலைக்குள் இருந்த சுண்ணாம்பு

என் செடிக்குப் பூச்சி பிடித்திருக்கிறது என்று எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். இலையைப் படம் எடுத்து, அதிலிருந்த வெள்ளைப் புள்ளிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே இங்கிலீஷில் சில வரிகள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழ் வாசிப்பேன், மெதுவாக. இங்கிலீஷ் வந்தால் என் மனைவி எழுத்துக்கூட்டிச் சொல்வாள்.

"ஞாயித்துக்கெழம ஆள் வச்சு எடுத்துகினு போயிடுவாங்களாம்" என்றாள்.

திருமுல்லைவாயிலில் எங்கள் குடும்பத்து மனையைப் பில்டருக்குக் கொடுத்ததில், எங்கள் பங்குக்குக் கிடைத்தது பின்பக்கத்துத் தரைத்தள வீடு. கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட சந்தில்தான் எங்கள் ஜன்னல் திறக்கும். வெயில் நேராக விழாது. உச்சிப் பொழுதில் மேலேயிருந்து கொஞ்சம் வெளிச்சம் இறங்கும். சுவரில் பட்டுப் பட்டு அது தரைக்கு வந்து சேரும்போது பழைய வேட்டியின் நிறத்தில் இருக்கும். அங்கே துளசி வைத்தோம், போய்விட்டது. கற்பூரவல்லி வைத்தோம், நூலாக நீண்டு சாய்ந்தது. வீடு காலி செய்தவர்கள் யாரோ படிக்கட்டடியில் விட்டுப்போன ஒரு ரப்பர் செடியைப் பாதியாக அறுத்த டிரம்மில் நட்டு வைத்தேன். அது மட்டும் ஒவ்வொரு இலையாக விட்டு ஜன்னலைத் தாண்டிப் போனது.

அந்தப் புள்ளிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஊசிமுனை அளவு, சீராக, இலை முழுக்க. நகத்தால் சுரண்டினால் வராது. மாவுப்பூச்சி என்றால் தொட்டதும் பஞ்சு மாதிரி விரலில் ஒட்டும். மொட்டை மாடியில் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆசையாக வளர்த்த செம்பருத்திக்கு வந்தது அதுதான். அவர் ஐ.டி.யில் வேலை செய்பவர், தென்மாவட்டத்துக்காரர், கெட்டவர் இல்லை. செம்பருத்தி வாடியதில் அவருக்கு உண்மையாகவே வருத்தம். அந்த வருத்தத்தோடு கீழே பார்த்தபோது என் செடியின் வெள்ளைப் புள்ளி கண்ணில் பட்டுவிட்டது.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் எதற்கும் "சரிங்க" என்று சொல்லிப் பழகியவன். வண்டி நிறுத்தும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்கிறோம் என்றார்கள், சரிங்க. உங்கள் ஜன்னலுக்கு மேலே துணிக்கொடி கட்டுகிறோம் என்றார்கள், சரிங்க. அதன்பிறகு வருகிற வெளிச்சமும் மாடி வீட்டுப் போர்வையைத் தாண்டித்தான் வரும். செடிக்கும் சரிங்க என்று சொல்லிவிடுவேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

மறுநாள் ஒரு இலையைப் பறித்து டிபன் பாக்ஸ் மேல்தட்டில் வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எல்.இ.டி. விளக்கு செய்யும் சின்னக் கம்பெனி. விளக்கின் முகத்தில் பால் நிற மூடியைப் பொருத்துவது என் வேலை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரன் சத்தம் போட்டான்.

"இன்னா மாமே, வெறும் எலை கீது! சோறு பின்னால வருதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சரக்கைச் சோதித்து அனுப்பும் பெண் மட்டும் இலையை வாங்கிக்கொண்டாள். அவள் காலேஜில் தாவரம் படித்தவள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் இங்கே வந்தவள். பற்றவைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் இலையை வைத்தாள். பிறகு பிளேடால் மெல்லிசாக ஒரு கீற்று அறுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னாள்.

"தெரியுதாண்ணா? காம்புல ஒரு கொத்து தொங்குது பாருங்க."

தெரிந்தது. இலையின் மேல்தோலுக்குள்ளே, காம்பில் தொங்கும் குட்டி திராட்சைக் குலை மாதிரி, வெள்ளையாக. அவள் தன் எலுமிச்சை சாதத்தோடு வைத்திருந்த எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து ஒரு சொட்டு விட்டாள். குலையைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. அதை அப்படியே என் போனில் படம் எடுத்தாள்.

"சுண்ணாம்புண்ணா. பூச்சியும் இல்ல, நோயும் இல்ல. செடியே தனக்குள்ள செஞ்சு வச்சிக்குது."

"எதுக்கும்மா?"

"ஒரே காரணம்னு சொல்ல முடியாது. வெளிச்சத்துக்கும்னு சொல்றாங்க. மேல விழற வெளிச்சம் மேலாப்பலயே தீர்ந்துடாம, இந்தக் கல்லுல பட்டுச் செதறி உள்ள எறங்குதாம். அடியில இருக்குற பச்சைக்கும் பங்கு போவுது."

நான் என் மேசையைத் திரும்பிப் பார்த்தேன். மூடி போடாத விளக்கு புள்ளி புள்ளியாகக் கண்ணைக் குத்தும். நேர் கீழே மட்டும் கொளுத்தும். மூடிக்குள்ளே வெள்ளைத் தூள் கலந்திருக்கிறது. வெளிச்சம் அதில் மோதி, உடைந்து, எல்லாப் பக்கமும் பரவும். மூடியால் வெளிச்சம் கூடுவதில்லை, வந்ததைப் பங்கு போடுவதோடு சரி. பகல் முழுக்க நான் கையால் செய்கிற காரியத்தை அந்தச் சந்தில் நின்றுகொண்டு ஒரு செடி சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. அதைப் பிடுங்கிப் போடப் பார்க்கிறார்கள். அன்று எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது.

ஞாயிறு காலை செயலாளர், மாடி வீட்டுக்காரர் இருவர், டிரம்மைத் தூக்க ஒரு கூலி ஆள், நாலு பேரும் வந்தார்கள். நான் முக்காலியைச் செடிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் சேந்து எடுத்த முடிவு" என்றார் செயலாளர்.

"அது பூச்சி இல்ல சார். சுண்ணாம்பு."

"சுண்ணாம்பா? அப்போ வெத்தல பாக்கும் வச்சிடலாம்" என்றார் மாடி வீட்டுக்காரர் ஒருவர்.

சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிப்பதும் என் பழக்கம். எலுமிச்சைச் சொட்டு, குமிழி, பால் மூடி என்று ராத்திரி ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது ஒன்றுதான்.

"எடுக்க வுடமாட்டேன்."

செயலாளர் என்னை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார். "இது காமன் ஏரியாண்ணே."

"ஆமா சார். அதுல நானும் ஒருத்தன்."

கூலி ஆள் என் தோளைத் தொட்டார். "அண்ணாத்தே, கொஞ்சம் ஒத்திக்கோ."

"மாட்டேன் நைனா."

"இன்னா சார் இது, மனுசனையும் சேத்துத் தூக்கணும்னா இன்னொரு ஆளு வோணும்."

ஜன்னலுக்குள்ளிருந்து என் மனைவி சொன்னாள். "தூக்கினா சாயங்காலம் கொண்டாந்து வுட்டுடுங்க. நாளைக்கு அவரு வேலைக்குப் போவணும்."

இந்த முறையும் சிரித்தார்கள். என் பக்கம் நின்று சிரித்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரும் டிரம்மைத் தொடவில்லை. நான் முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "குரூப்புல பேசிக்கலாம்" என்று செயலாளர் மாடியேறினார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். கூலி ஆள் போகவில்லை. என் மனைவி ஜன்னல் வழியாக நீட்டிய டீயை வாங்கிக் குடித்துக்கொண்டே செடியை ஏற இறங்கப் பார்த்தார்.

"சோக்காத்தான கீது. இதுக்கு இன்னாவாம்?"

குமிழியைப் பற்றி அவரிடம் முழுசாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம்பினாரா, தெரியாது.

அன்று சாயங்காலம் குழுவில் "சிலர் ஒத்துழைப்பதில்லை" என்று வந்தது. அந்தச் சிலர் நான் ஒருவன்தான். குலையும் குமிழியும் இருந்த அந்தப் படத்தைக் குழுவில் போடச் சொல்லி மனைவியிடம் போனைக் கொடுத்தேன். அந்தக் குழுவில் என் பெயரில் போன முதல் சேதி அது. காலிஃப்ளவரா என்று ஒருவர் கேட்டார்.

செம்பருத்திக்கு இன்னும் மருந்து அடிக்கிறார்கள். என் செடியைப் பற்றிய பேச்சும் இன்னும் முடியவில்லை. அடுத்த கூட்டத்தில் கை தூக்கி ஓட்டுப் போடச் சொல்வார்களாம். தூக்கட்டும். உச்சியில் சிவப்பு உறை பிரிந்து ஒரு இலை வந்துகொண்டிருக்கிறது. முக்காலியை நான் உள்ளே எடுத்து வைக்கவில்லை.