கழுத்தைத் திருப்பி எடுத்த ஸ்கேன்

ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையிலிருந்து பிள்ளைகள் பக்கம் திரும்பியபோது வலது காதுக்குள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பள்ளித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியப்போகிறது என்று ஒரு பெண்ணை அனுப்பி நிறுத்தச் சொன்னேன். "மிஸ், மோட்டார் ஓடவேயில்ல" என்று வந்து நின்றாள். நம்பாமல் நானே போய்ப் பார்த்தேன். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. சத்தம் மட்டும் என்னோடு வகுப்புக்குத் திரும்பி வந்தது.

பாம்பனில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கணவர் வளைகுடாவில் ஒரு கிடங்கில் இருக்கிறார். வீட்டில் நானும் உம்மாவும் மட்டும்.

சத்தத்தோடு தலைப் பாரமும் சேர்ந்தது. படுத்தால் பாரம் கூடும், உட்கார்ந்தால் குறையும். மூன்று தலையணை வைத்து, பாதி உட்கார்ந்தபடி உறங்கினேன். பிள்ளைகளின் பெயர்கள் மறந்தன. கண் டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்றார், காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். எல்லாம் நன்றாக இருந்தது, நான்தான் நன்றாக இல்லை.

ஏழெட்டு மாத அலைச்சலுக்குப் பிறகு மதுரையில் ஒரு டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். வலப்பக்க ஜுகுலர் சிரை (மூளையிலிருந்து இரத்தத்தைக் கீழே இறக்கும் பெரிய கழுத்துக் குழாய்) நசுங்கியிருக்கிறது. நசுக்குவது ஸ்டைலாய்டு (காதுக்குக் கீழே ஊசிபோல் நீளும் சிறு எலும்பு). எனக்கு அது அளவுக்கு மீறி வளர்ந்திருந்தது. காதுக்குள் கேட்பது அந்த நெருக்கலில் ஓடும் என் இரத்தத்தின் சத்தம்தான், எலும்பை வெட்டி எடுத்தால் சரியாகும் என்றார். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்த சந்தோஷத்தில் உம்மாவும் நானும் பேருந்து நிலையத்தில் பரோட்டா சாப்பிட்டோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எலும்பை வெட்டினார்கள். நான்காம் நாள் சத்தம் திரும்பி வந்தது. பாரமும் வந்தது.

இனி நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். இதே நோயோடு இதைப் படிப்பவர்கள் அதைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆட்களிடம் யார் நலம் கேட்டாலும் முதலில் வாயில் வருவது 'அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்' என்பதுதான். பிரசவ வலியில் கிடப்பவளிடம் கேட்டாலும் அதையே சொல்வாள். அது இறைவனுக்குச் சொல்லும் நன்றி. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மூன்று தடவை மதுரைக்குப் போனேன். மூன்று தடவையும் டாக்டர் "எப்படிம்மா இருக்கீங்க?" என்றார். மூன்று தடவையும் அதையே சொன்னேன். பிறகுதான், "ஆனா டாக்டர், லேசா..." என்று இழுப்பேன். அதற்குள் அவர் எழுதி முடித்திருப்பார்.

நான்காம் தடவை அழுதுவிட்டேன். அவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். நலம், நலம், நலம் என்று வரிசையாக இருந்தது. "நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். இப்ப திடீர்னு இல்லைங்கிறீங்க. மனசுதான் காரணமா இருக்கும். ஒரு மனநல டாக்டரைப் பாருங்க" என்றார். கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என்னைப் பார்க்க ஆட்கள் வருவது நின்றுபோயிருந்தது. ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே, இனி என்ன? "கண்ணூறுதான் புள்ள, யாரு கண்ணோ பட்டிருக்கு, ஓதி ஊதுனா போயிரும்" என்றார் உம்மா. பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார். கணவரிடம் சொல்லவேயில்லை. வெளிநாட்டில் இருப்பவரிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம். அவர் வீடியோவில் வரும்போது தலையணைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து சிரிப்பேன். அவர் போனை வைத்ததும் அப்படியே சரிவேன். அந்த மாதங்களில் நான் தனியாக இருந்ததைப்போல் வாழ்நாளில் எப்போதும் இருந்ததில்லை.

இந்த நோய்க்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் கிடைத்த மூன்று சிறப்பு மருத்துவர்களுக்கு என் கோப்பை அனுப்பினேன். இரண்டு பேர், குணமாகிவிட்டதாக எழுதியிருக்கிறதே, பிறகு எதற்கு என்று மறுத்துவிட்டார்கள். மூன்றாமவர் சென்னையில் ஒரு டாக்டரம்மா. நேரில் வரச் சொன்னார். அவரும் நம்பாவிட்டால் இனி யாரிடமும் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு ரயிலேறினேன். துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை.

அவர் கோப்பைப் படித்து முடித்து நிமிர்ந்தார். "எப்படி இருக்கீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன் டாக்டர்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாம்பனிலிருந்து இவ்வளவு தூரம் வந்து சொன்ன சொல் இது!

அவர் கோப்பை மூடி ஓரமாக வைத்தார். "அது கடவுளுக்குச் சொன்ன பதில். எனக்குச் சொல்லுங்க. காலையில எந்திரிக்கிறதுல இருந்து சொல்லுங்க."

சொன்னேன். அத்தனை மாதங்களில் முழுதாகச் சொன்னது அன்றுதான். முகம் கழுவக் குனிவது, பேருந்துக் குலுக்கல், தலையணைகள் எல்லாம் சொன்னேன். தொழுகையில் சலாம் கொடுக்கும்போது (தொழுகை முடிவில் முகத்தை வலமும் இடமும் திருப்புவது) வலப்பக்கம் திரும்பினால் கண் இருட்டுகிறது என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "செஞ்சு காட்டுங்க."

திரும்பினேன். "அப்படியே இருங்க" என்று என் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவரைக்கும் எடுத்த ஸ்கேன் எல்லாம் தலையை நேரா வச்சுத்தானே எடுத்தாங்க?"

ஆமாம். அசையாதே, நேராகப் படு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

மறுநாள் தலையை வலப்பக்கம் திருப்பிவைத்து, மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் காட்டினார். தலை நேராக இருக்கும்போது ஓரளவு திறந்திருந்த குழாய், திருப்பியதும் ஓரிடத்தில் காணாமலே போயிருந்தது. ஸ்டைலாய்டு போய்விட்டது, ஆனால் பின்பக்கம் அட்லஸ் (தலையைத் தாங்கும் முதல் கழுத்தெலும்பு) இன்னும் நசுக்கிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். குணமாகப்போகிறேன் என்பதற்காக அல்ல. நான் பொய் சொல்லவில்லை என்பதற்காக.

"எலும்போட நுனியைக் கொஞ்சம் செதுக்கணும்" என்றார். "தோள் நரம்புக்கு ஆபத்து இருக்கு. முழுசாச் சரியாகும்னு சொல்ல மாட்டேன். பாதியாவது குறையலாம். வீட்டுக்காரரோட பேசிட்டு வாங்க."

ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடி கணவரை அழைத்தேன். இம்முறை முகத்தைச் சரிசெய்துகொள்ளவில்லை.

"மச்சான், எனக்குச் சரியாகல. முதல் ஆபரேஷன்ல இருந்தே சரியாகல."

"ஏன் புள்ள சொல்லல?"

"நீங்க அங்கன ஒத்தையில கெடந்து கவலப்படுவீகன்னு."

"நீ அங்கன, நான் இங்கன, ரெண்டு பேருமே ஒத்தையிலதானே கெடந்திருக்கோம்" என்றார். பிறகு, "வாறேன்" என்றார்.

விடுப்பு எடுத்து வந்தார். இரண்டாவது அறுவைச் சிகிச்சை முடியும்வரை இருந்தார், பலமிழந்த தோளைத் தூக்கப் பழக்கினார், திரும்பிப் போனார். தலைப் பாரம் பாதிக்குமேல் குறைந்தது. ஒரே தலையணையில் உறங்குகிறேன். சத்தம் போகவில்லை. தணிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உடம்பு எனக்குக் கீழ்ப்படிந்த காலம் முடிந்துவிட்டது. இப்போது நான்தான் அதைக் கேட்டு நடக்கிறேன். கழுத்தைத் திருப்புவதில்லை, ஆளே திரும்புகிறேன். "மிஸ் பரேடு போறாக" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வாரத்துக்குத் திட்டம் போடுவதை விட்டுவிட்டேன். மதியம் வரை கிடைத்தால், மதியம் வரை பாடம் நடத்துகிறேன்.

நேற்று மக்ரிபு (அந்தி நேரத்) தொழுகை முடிந்ததும் அவர் அழைத்தார். எப்படி இருக்கிறாய் என்றார்.

"இன்னைக்கு மோசம் மச்சான்."

"சரி" என்றார். மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. துஆ (பிரார்த்தனை) செய்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிடவும் இல்லை. போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கிடந்தேன். அந்தப் பக்கம் அவர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. என் காதுக்குள் என் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை; இருவரும் போனை வைக்கவுமில்லை.