சுமைக்குப் போட்ட மார்க்கு

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பேச்சு வராது. காரணமில்லாமல் சிரிப்பாள், தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள். அவளுக்கு இருக்கும் கோளாறின் பெயரை எங்கள் ஊரான கோரமண்டலில் டாக்டரே தாளைப் பார்த்துத்தான் படிப்பார். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு எவ்வளவு சுமை என்று அளக்க, பெங்களூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி ரயிலேறி வந்தாள்.

என் கணவர் தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். அன்று லீவு போட்டிருந்தார். வீட்டில் என் அண்ணனும் உண்டு. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போவதாக வந்தவர், வருடக்கணக்கில் இருக்கிறார்.

என்னையும் கணவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமாம். முதலில் அடுப்படியில் என்னைக் கேட்டாள். மகள் அவள் மடியில் ஏறிப் பின்னலைப் பிடித்துக்கொண்டாள். தலை சாய்ந்தபடியே அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதினாள். "உங்களுக்கென்று நேரமே இல்லை என்று தோன்றுகிறதா?" என்றாள். நேரம் கிடைத்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. "இல்ல" என்றேன். பிறகு முன்னறையில் அவரைக் கேட்டாள்.

சில நாள் கழித்துப் போன் வந்தது. பதில்களுக்கு மார்க்கு போட்டுக் கூட்டியதில் எனக்கு லேசான சுமை. அவருக்கு மிகக் கடுமையான சுமை. கவுன்சலிங் கட்டாயம் வேண்டுமாம்.

குளிப்பாட்டுவது நான், ஊட்டுவது நான். சுமை மட்டும் அவருக்கா? கேட்டதற்கு, "இன்னா பண்றது, தாங்கித்தான் ஆவணும்" என்றார். செய்தி சர்ச்சுக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். பக்கத்து வீட்டு அக்கா அவருக்கு மட்டும் பாயசம் கொண்டுவந்தார். அவரும் சோர்ந்த முகத்தோடு வாங்கிக் குடித்தார்.

கவுன்சலிங்குக்கு மாணவி மறுபடி வந்தாள். அன்று எழுதியதைப் படித்துவிட்டுத் தயங்கினாள்.

"சார், உங்க உறவினர் பாத்ரூம்ல பீடி குடிக்கிறதா சொல்லியிருக்கீங்க. பாப்பாவா?"

"பாப்பாவா?" என்று அவர் எழுந்தே விட்டார். "உறவினர்னுதான மேடம் கேட்டீங்க. பெத்த பொண்ண யாருனா உறவினர்னு சொல்லுவாங்களா? நான் மச்சான நெனச்சிக்கினு சொன்னேன்."

என் அண்ணன் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "நான் சுமையா?"

"நான் சொல்லல மச்சான். மார்க்கு சொல்லுது."

மாணவி புதுத்தாள் எடுத்து, 'உறவினர்' என்று வந்த இடத்திலெல்லாம் 'மகள்' என்று மாற்றிக் கேட்டாள். வாசற்படியில் நின்று நானும் கேட்டேன். கோபம் வருகிறதா? இல்லை. வெட்கமாக இருக்கிறதா? இல்லை. எல்லாவற்றுக்கும் பட்பட்டென்று பதில் வந்தது. "மகளின் எதிர்காலத்தை நினைத்துப் பயப்படுகிறீர்களா?" என்றதும் அந்த வேகம் நின்றது.

"எப்பவும்" என்றார் பிறகு. நானும் அடுப்படியில் அதையேதான் சொல்லியிருந்தேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

மாணவி கூட்டிப் பார்த்தாள். "உங்களுக்கும் லேசான சுமைதான் சார்."

"அந்தப் பயத்துக்கு எவ்ளோ மார்க்கு மேடம்?"

"நாலு. ஒரு கேள்விக்கு அதுக்கு மேல கெடையாது."

"நாலுதானா?" என்றார்.

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "நாலுதான் சார்."