அம்மா மறந்த அடி

தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வந்ததே அதிகப்படி, பொறுத்துக்கொள்ள வேண்டும். கிள்ளான் பக்கம் சாவு வீடுகளில் இன்றைக்கும் ஒரு ஒப்பாரி பாடுகிறார்கள். அதை என் மாமா கட்டினார் என்று சொல்ல இப்போது வேறு ஆள் இல்லை.

மாமா அம்மாவின் தம்பி. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், லயத்தில், எங்களோடு இருந்தார். கூலியைக் குறைத்த வருஷம் துரைமாரைக் குத்தி அவர் கட்டிய பாட்டுகள் குழாயடி வரைக்கும் போயின. போலீஸ் கூப்பிட்டு, இன்னொரு பாட்டு காதில் விழுந்தால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்றது. அதன்பின் மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கைவைத்தவர் பாதியில் எழுந்துவிடுவார். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பார். உதடு மட்டும் அசையும். அம்மாவும் அவர் பின்னாலேயே நடப்பாள்.

அந்த நேரம் பார்த்து லயத்தில் ஒரு கிழவர் இறந்துபோனார். யாரோடும் ஒத்துப்போகாத மனுஷர், அழக்கூட ஆளில்லை. ஒப்பாரியை எந்தப் போலீஸ் தடுக்கும் என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. உடனே கட்டி, பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இருந்தபோது கிழவருக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காதவர்களெல்லாம் மாரடித்து அழுதார்கள். வேலியோரம் நின்ற தமிழ்ப் போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அம்மாதான் முதலில் பாடிக் கொடுத்தாள்.

“தண்டவாளம் போட்ட ராசா, தலை சாய்க்க இடமில்லையே...”

அடுத்த அடி வரவில்லை. பெண்கள் அவள் வாயையே பார்த்தார்கள். ஒப்பாரி ஆண்கள் பாடுவதல்ல. ஆனால் தன் பாட்டு நடுவில் அறுந்து நிற்பதை மாமாவால் தாங்க முடியவில்லை. ஆண்கள் பக்கமிருந்து கணீரென்று வந்தது:

“கூலியைக் குறைச்ச துரை கூரை மட்டும் ஒழுகலையே.”

போலீஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். “பாட்டு உன்னுதா தம்பி?” என்று மெதுவாகத்தான் கேட்டார்.

“என்னுதுதாண்ணே. அக்கா ஒரு அடிய விட்டுருச்சு.”

எனக்கு ஒரே பெருமை. அத்தனை பேருக்கும் வராத அடி என் மாமாவுக்கு வந்துவிட்டதே. அம்மா அந்தப் பாட்டை அப்படியே விட்டுவிட்டு, “என் கூடப் பொறந்தவனே” என்று தொடங்கினாள். திரும்பவும் தப்பாகப் பாடுகிறாளே, கிழவர் இவளுக்குக் கூடப் பிறந்தவர் இல்லையே என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

மறுநாள் மாமாவை ரயிலில் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் கப்பல் புறப்பட்டது.