மேசைமேல் வைத்த சாக்பீஸ்

ஜூலை பதினாறு, செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு எழுந்து பால் காய்ச்சி, சுரங்கத்தில் முதல் ஷிப்டுக்குப் போகும் கணவருக்கு டிபன் கட்டினேன். ஒன்பது மணிக்குக் கல்லூரி. ஆங்கிலத் துறையில் என் எதிர் மேசை காலியாக இருந்தது. பாதி தேய்ந்த ஒரு சாக்பீஸ் மட்டும் கிடந்தது. அங்கே ஏழு ஆண்டுகள் உட்கார்ந்திருந்த கான்ட்ராக்ட் ஆசிரியைக்கு முந்தின நாள்தான் கடைசி நாள்.

திருவதிகைக்காரர், என்னைவிட இளையவர். வகுப்பில் கேள்வி கேட்டதும் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிடுவார். பதில் வந்த பிறகுதான் எடுப்பார். மாணவி திக்கினால் நாங்களெல்லாம் இரக்கப்பட்டு மீதி வாக்கியத்தை முடித்துக் கொடுப்போம். அவர் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்க மாட்டார். யாரும் சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். அவர் கேட்பதும் புத்தகத்தில் இருக்காது. சுரங்கத்தில் மண் வெட்டும் இயந்திரம் எப்படித் திரும்பும் என்று, தனக்கு உண்மையிலேயே தெரியாததைக் கேட்பார். சுரங்கத் தொழிலாளர் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு ஆங்கிலத்தைத் தேடுவார்கள்.

அவரைப் பெர்மனன்ட் ஆக்குவதா என்று முடிவு செய்ய, போன மாதம் மூன்று பேர் கொண்ட குழு வந்தது. வகுப்பின் கடைசி பெஞ்சில் அவர்களோடு நானும் இருந்தேன். வெட்டிய கரும்பு ஆலை வாசலில் காத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்று குள்ளஞ்சாவடி மாணவி ஒருத்தியிடம் ஆசிரியை கேட்டார். அவள் அப்பா கரும்பு விவசாயி. ஆரம்பித்தாள்; நின்றுவிட்டாள். குழுத் தலைவர் பொறுமையிழந்து ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார்.

"கொஞ்சம் இருங்க சார். அவளே சொல்லிடுவா," என்றார் ஆசிரியை.

அந்தப் பெண் தலைவரின் சொல்லைத் தொடவே இல்லை. காயக் காய எடை குறையும், வரிசையில் நிற்கும் டிராக்டரை விட்டு அப்பா இறங்கிப் போகவும் முடியாது என்று தன் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். அதன்பிறகே சாக்பீஸ் மேசையை விட்டு எழுந்தது.

வேலை வேறொருவருக்குப் போனது. காரணத்தை யாரும் சொல்லவில்லை. "அன்னிக்கு ஒரு நாள் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்ல?" என்று அவரிடம் கேட்டேன்.

"மூடிக்கினுதான் இருந்தேன் மேடம். அவருதான் பேசினாரு," என்று சிரித்தார். பிறகு, "அவ பாதியில நின்னிருந்தா இனிமே வாயே தொறந்திருக்க மாட்டா," என்றார்.

புதன்கிழமை முதல் மணி நேரம் அவருடைய வகுப்பு எனக்கு வந்தது. உள்ளே போனதும் எனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டு, சாக்பீஸை மேசைமேல் வைத்தேன்.