நன்றி: வி. வி. தாட்சாயணி

செம்மரங்காவு வாசகசாலை எந்த நோட்டீஸ் அடித்தாலும் கடைசி வரி ஒன்றுதான்: 'நன்றி: வி. வி. தாட்சாயணி.' பதினான்கு வருஷமாக அது மாறவில்லை. வரவேற்க ஒருவர், தலைமைக்கு ஒருவர், தொடங்கிவைக்கக் கண்ணூரிலிருந்து பெரிய ஆள் ஒருவர், வாழ்த்திப் பேசக் கட்சிக்கு ஒருவர். ஒரு கட்சியை விட்டுவிட்டால் மறுநாள் சாயாக்கடையில் யுத்தம் நடக்கும். இத்தனை பேரும் பேசித் தீர்த்தபிறகு மிச்சமிருக்கிற மைக் தாட்சாயணிக்கு.

கமிட்டியில் ஒரு பெண் பெயராவது இருக்க வேண்டும் என்று மேலேயிருந்து கடிதம் வந்தபோது அகப்பட்டவள் அவள். பால் சொசைட்டியில் பால்மானியை முக்கி, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபிறகு வீட்டில் பேச்சே இல்லை. "தண்ணி ஜாஸ்தி", "சரி, ஊத்துங்க", ஒரு நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருவது அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் முதல்முறை மைக் முன்னால் நின்றபோது தலையை நிமிர்த்தவேயில்லை. எழுதிவைத்த தாள் வேர்வையில் கையோடு ஒட்டிக்கொண்டது. நாற்காலி கொடுத்தவர் பெயர் மறந்துபோய், "நாற்காலிகளுக்கு நன்றி" என்று சொல்லித் தொலைத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க ஆள் இருந்தால்தானே. கடைசி பஸ் ஏழு மணிக்கு. வாழ்த்துரை முடியும்போதே ஹாரன் அடிக்கும், ஜனம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடும். மிஞ்சியது மைக்செட் அம்பூஞ்ஞி ஒருவர்தான். அவர் வயரைச் சுற்றியபடியே சொன்னார்:

"நாற்காலிதானே கடைசி வரைக்கும் இருந்துச்சு, அதுக்குச் சொன்னா தப்பில்ல. அடுத்த தடவை மெதுவாச் சொல்லு. மைக் எங்கயும் ஓடிடாது."

அடுத்த தடவை மெதுவாகச் சொன்னாள். அதற்கடுத்த தடவை தாளே இல்லை. வாழைக்குலை கொடுத்தவர், பந்தலுக்குக் குழி தோண்டியவர், அண்டாவை இரவல் தந்த வீட்டுக்காரி, ஒரு பெயர் விடமாட்டாள். ராத்திரிக் கஞ்சி குடிக்கும்போதும் அந்தப் பெயர்களைத்தான் உருப்போடுவாள். சொசைட்டியிலும் வாய் திறந்தது. ஒருநாள், வாசகசாலை செயலாளர், வாத்தியார் பவித்ரன் மாஷ் கொண்டுவந்த பாலில் மானியைப் போட்டுவிட்டு, "மாஷே, பசுவைக் கிணத்துக்குள்ள கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள். வரிசை மொத்தமும் சிரித்தது. சாயாக்கடையில் அது ஒரு வாரம் ஓடியது.

மாஷும் சும்மா விடவில்லை. "வாழ்த்துரையோட மைக்கை ஆஃப் பண்ணிடு அம்பூஞ்ஞி. ஆளில்லாத கூட்டத்துக்கு எதுக்குக் கரண்ட்?" என்றார்.

"நன்றி சொல்லாம கூட்டம் எப்படி மாஷே முடியும்?" என்றார் அம்பூஞ்ஞி.

மற்ற ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாலும், தோணிக்கடவு வளைவில் கமுகு மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரைக் கடைசிவரை தொடமாட்டார். அவள் முடித்ததும், "ஆஃப் பண்ணட்டா?" என்பார். "பண்ணிக்கோங்க ஏட்டா" என்பாள், அண்ணனிடம் சொல்வதுபோல. பிறகு அவர் வழி வேறு, அவள் வழி வேறு. அவள் போய்த் தன் கையால் பூட்டைத் திறப்பாள்.

கும்ப மாசத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவப் போன இடத்தில் அம்பூஞ்ஞி விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் தாட்சாயணி துக்கம் கேட்கப் போனாள். வீடு தோணிக்கடவு வளைவில்தான். அவர் மனைவி சிருதை ஒன்பது வருஷமாகப் படுத்த படுக்கை. இவள் குரல் கேட்டதும் கையை நீட்டினாள்.

"இந்தக் குரல் இல்லாம எனக்கு ஒரு கூட்டமும் முடிஞ்சதில்ல. மத்தவங்க பேசுறது ஒரு எழவும் காதுல ஏறாது. நீ 'ஒலிபெருக்கி அமைத்துத் தந்த'ன்னு ஆரம்பிச்சா, அரை மணியில அவர் வந்துருவார்னு கணக்கு. உடனே தலையைச் சீவிக்குவேன்."

தாட்சாயணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினான்கு வருஷம் நாற்காலிகளுக்குப் பேசியதாக அல்லவா நினைத்திருந்தாள். ஒருத்தி காது கொடுத்துக் காத்திருந்திருக்கிறாள். இவள் பேச்சை வைத்து ஒரு வீடு நடந்திருக்கிறது.

"நாளைக்குச் சாயந்திரம் அவருக்குக் கூட்டமாமே. நீ பேசுவேல்ல?"

"அனுதாபக் கூட்டத்துக்கு நன்றி கிடையாது சேச்சி."

"அப்போ முடிஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தாட்சாயணி நேராக மாஷிடம் போனாள். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "செத்தவனுக்கு நன்றி சொல்லி அனுப்புறதா? ஊரே சிரிக்கும். மௌன அஞ்சலியோட முடிக்கிறதுதான் முறை. உன் பேர் லிஸ்ட்லயே இல்ல" என்றார்.

மறுநாள் பையனூரிலிருந்து வேறு மைக்செட் வந்தது. வந்த ஆளிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த வளைவுக் கமுகுல ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டுங்க. கடைசி வரைக்கும் கழட்டாதீங்க." ஏன் எதற்கு என்று கேட்காமல் கட்டினார்.

பதினொரு பேர் பேசினார்கள். ஒவ்வொருவர் பேச்சிலும் அம்பூஞ்ஞி அவரவர் கட்சிக்காரராக இருந்தார். பிறகு எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். ஹாரன் அடித்தது, ஒருவரும் அசையவில்லை. மௌனம் முடிந்ததும் நாற்காலிகள் இழுபட்டன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் தாட்சாயணி மேடை ஏறினாள். மாஷ் வேண்டாம் என்று கண்ணால் மிரட்டினார். அவள் மைக் முன்னால் போய் நின்றாள். மெதுவாகச் சொன்னாள்.

"தலைமை வகித்த பவித்ரன் மாஷுக்கு நன்றி. பேசிய பதினொரு பேருக்கும் நன்றி. பாடை கட்ட மூங்கில் தந்த குஞ்ஞம்பு வீட்டாருக்கு நன்றி. இந்த ஊருக்கு முப்பது வருஷம் ஒலிபெருக்கி அமைத்துத் தந்த..."

இந்த இடத்தில் எப்போதும் மைக்செட் கடையின் பெயரைத்தான் சொல்வாள். இன்று, "அம்பூஞ்ஞியேட்டனுக்கு நன்றி" என்றாள். பஸ்ஸுக்கு ஓடியவர்களில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு யாரும் நிற்கவில்லை.

'இத்துடன் கூட்டம் முடிவடைகிறது' என்ற ஒரு வரிதான் பாக்கி. அதைச் சொல்லாமல் நிறுத்தினாள். சொன்னால் அங்கே ஒருத்தி தலையைச் சீவிக்கொண்டு வாசலைப் பார்ப்பாள். யார் வருவார்? சொல்லாவிட்டாலோ, முடியாத கூட்டத்துக்குக் காது கொடுத்தபடியே கிடப்பாள்.

தாட்சாயணி மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். "கூட்டம் முடிஞ்சுது சேச்சி. அரை மணியில நான் வர்றேன்."

மேடைக்குக் கீழே பையனூர்க்காரர் வயரைக் கையில் பிடித்தபடி நின்றார். "ஆஃப் பண்ணட்டா?"

"பண்ணிக்கோங்க."

அவள் தன் வீட்டு வழியில் போகவில்லை. காலி நாற்காலிகளைத் தாண்டி வளைவுப் பக்கம் தனியாக நடந்தாள். கதவு திறந்தே கிடந்தது. சிருதை தலை சீவியிருந்தாள்.